அத்தியாயம் 9: வரிசை தப்பிய மோக்கா

லூபென் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்ற செய்தி வந்தபோது துப்பறிவாளன் அஸ்பரூவின் வாயில் பாதி பனித்ஸா இருந்தது. சீஸ் வைத்துச் சுட்ட உப்புப் பலகாரம்தான். அன்றைக்கு அது அவனுக்கு இனித்தது.

"கான்ச்சோ, நீ இன்னொண்ணு வாங்கிக்க. என் செலவு."

உதவியாளன் கான்ச்சோ மெல்லுவதை நிறுத்தினான். அவன் கப்ரோவோக்காரன். கஞ்சத்தனத்துக்கு நாடு முழுக்கப் பெயரெடுத்த ஊர் அது.

"என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கேஸ் முடிஞ்சுது. லூபென் ஒத்துக்கிட்டான்."

"அதானே பார்த்தேன். முகத்தைத் துடைங்கண்ணே. சீஸ் இல்ல, சந்தோஷம் வழியுது."

கான்ச்சோ சொன்னதில் தப்பில்லை. ப்ளோவ்திவ் நகரின் தெருமுனைகளில் நிற்கும் காப்பி இயந்திரங்களில் முக்கால்வாசி தாஸ்கலோவ் கம்பெனியுடையவை. போன வாரம் எங்கிருந்தோ ஒரு திருடன் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டான். எந்த இயந்திரத்துக்கு எந்த லாரி தூள் கொண்டுபோக வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டர்களை மீட்கும்வரை காப்பியில்லாமல் ஊரே சிடுசிடுத்தது. திருடன் நுழைந்த ஓட்டை முதலாளி தாஸ்கலோவின் சொந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஓட்டையை அடைக்க வேண்டிய அப்டேட்டுகள் மாதக்கணக்காக அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அப்டேட் அனுப்புவது நெவெனாவின் வேலை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வேறு ஆள் மாட்டவில்லை என்றால் அவளை நீக்கிவிடுவதாகவும், வேறெந்தக் கம்பெனியும் சேர்க்க முடியாதபடி காரணம் எழுதி அனுப்புவதாகவும் தாஸ்கலோவ் சொல்லியிருந்தார். அந்த வேறு ஆளைக் கண்டுபிடிக்கத்தான் அஸ்பரூவை அமர்த்தியிருந்தார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

நெவெனா அஸ்பரூவின் முன்னாள் மனைவி. கணக்குப் பிரிவுத் தலைவன் லூபென் அவளுடைய இந்நாள் காதலன். லூபெனுக்கு உயரம் இருந்தது, தலை நிறைய முடி இருந்தது, வியன்னாவில் படித்த படிப்பு இருந்தது, இப்போது நெவெனாவும் இருந்தாள். அஸ்பரூவுக்குக் கான்ச்சோ இருந்தான். வழக்கை எடுத்த நாளிலிருந்து அஸ்பரூ இரண்டே இரண்டு விஷயங்களுக்காக ஏங்கினான். நெவெனா தப்ப வேண்டும், லூபென் மாட்ட வேண்டும். இரண்டும் ஒரே காலையில் கிடைத்துவிட்டன.

முதலாளி அனுப்பியிருந்த லூபெனின் ஒப்புதல் கடிதத்தைக் கான்ச்சோ போனில் விரித்துப் பார்த்தான்.

"இது ஒப்புதலா, லாட்டரிச் சீட்டா? வரிக்கு வரி நாலும் ஆறுமா கிடக்கு."

பல்கேரிய எழுத்தில் தட்டச் சோம்பல்படுகிறவர்கள் லத்தீன் எழுத்தில் எழுதும் முறை அது. லத்தீனில் இல்லாத ஒலிகளுக்கு நாலையும் ஆறையும் போட்டுச் சமாளிப்பார்கள். நாலையும் ஆறையும் எழுத்தாக்கிப் படித்தால் விஷயம் சுருக்கமாக இருந்தது. ஒரு நாள் நெவெனாவின் நாற்காலியில் உட்கார்ந்து விளையாட்டாக எதையோ தட்டியதில் முதலாளியின் கம்ப்யூட்டரை அப்டேட் வரிசையிலிருந்து தான் நீக்கிவிட்டதாகவும், பயத்தில் மறைத்துவிட்டதாகவும், நெவெனாவுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றும், ராஜினாமா செய்வதாகவும் லூபென் எழுதியிருந்தான்.

"எங்க ஊர்ல பழியைக்கூட ஓசியாக் கிடைச்சா வாங்கிக்குவோம்" என்றான் கான்ச்சோ. "இவன் எங்க ஊர்க்காரன் இல்லையே. இவன் ஏன் வாங்கறான்?"

"செஞ்சான், வாங்கறான். எழுந்திரு."

"எங்கே? கேஸ்தான் முடிஞ்சுதே."

"நெவெனாவுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாமா?"

"ஆறுதல் சொல்லப் போறவர் ஏண்ணே கண்ணாடி பார்க்கறீங்க?"

*

நெவெனாவுக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. அடிக்க ஏதாவது கிடைத்தால் போதும் என்ற நிலையில் அவள் இருந்தாள்.

"என் நாற்காலி! என் கம்ப்யூட்டர்! ஒரு வாரமா நான் தூங்கல அஸ்பரூ. எங்கே தப்பு பண்ணேன், எங்கே தப்பு பண்ணேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். பக்கத்துல படுத்துக்கிட்டு 'கவலைப்படாதே'ன்னு சொன்னான் அந்த ஆள். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே!"

பக்கத்துல படுத்துக்கிட்டு என்ற இடத்தில் அஸ்பரூவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் 'அந்த ஆள்' என்ற சொல் அதற்கு மருந்து தடவியது.

"இப்போ எங்கே அவன்?"

"கீழே வாட்ச்மேன் ரூம்ல. மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டேன். வீட்டுச் சாவியை வாங்கி வெச்சுட்டேன்."

சாவியை வாங்கிவிட்டாள்! அஸ்பரூ முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டான்.

கான்ச்சோவுக்கு இந்த மாதிரிக் காட்சிகள் ஆகாது. அவன் நெவெனாவின் திரைக்கு முன்னால் போய் நின்று தாடையைச் சொறிந்தான்.

"மேடம், இந்த வரிசைன்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. என்னை அஸ்பரூ அண்ணனா நினைச்சு சொல்லுங்க."

நெவெனாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. "அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நாள்ல அனுப்பக் கூடாது. சில சமயம் அப்டேட்டே கம்ப்யூட்டரைச் சாகடிச்சிடும். அதனால மூணு வரிசை. முதல் வரிசைக்கு முதல்ல போகும். அதுல நானும், என்னை மாதிரி துணிஞ்ச ஒண்ணு ரெண்டு பேரும். அவங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னா ரெண்டாவது வரிசை, ஆபீஸ் ஆட்கள். அதுவும் நல்லபடியாப் போனா மூணாவது. முதலாளியும் லாரிப் பிரிவும்."

"ராஜா சாப்பிடறதுக்கு முன்னால சமையக்காரன் ருசி பார்க்கற மாதிரி."

"அதேதான். முதல் வரிசைன்னா விஷம் இருக்கான்னு பார்க்கறவங்க."

"லூபெனும் விஷம் பார்க்கறவரா?"

"தானா வந்து சேர்ந்தான்" என்றாள் நெவெனா. குரல் ஒரு கணம் இளகி மறுபடி இறுகியது. "யாருமே முன்வரல. 'உனக்காக என் கம்ப்யூட்டர் செத்தாப் பரவாயில்லை'ன்னான். எவ்வளவு நடிப்பு பாரு."

தானாக வந்து சேர்ந்தானாமே! இருவரும் குடும்பமாக இருந்தபோது நெவெனா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட வேண்டும் என்றால் அஸ்பரூ கால்பந்து முடியட்டும் என்பான். அந்த நினைப்பை அவன் அவசரமாகத் தள்ளிவிட்டான்.

"மேடம்" என்றான் கான்ச்சோ. "முதலாளி கம்ப்யூட்டர் பேர் என்ன?"

"மோக்கா. எல்லாத்துக்கும் காப்பிப் பேர்தான் வெச்சிருக்கேன். மூணாவது வரிசையில இருந்தது. இப்போ அங்கே இல்ல. அந்த ஆள் நீக்கிட்டானே."

"முதல் வரிசையில நிக்குது பாருங்க."

நெவெனா திரும்பினாள். எஸ்பிரஸோ, லாட்டே, வியன்னா. அதற்குக் கீழே மோக்கா. மூன்றாவது வரிசையில் காணோம் என்றுதான் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். விஷம் பார்க்கிறவர்கள் நடுவில் முதலாளியைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இங்கே இருந்தா அப்டேட் எல்லாருக்கும் முன்னால போயிருக்கணுமே!" அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அது போகட்டும். நான் பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சு. ஆனா எனக்கே தெரியும், எழுத்து வரிசைப்படி 'எம்' வந்தப்புறம்தான் 'வி' வரும். இங்கே மோக்கா வியன்னாவுக்குக் கீழே கிடக்கு. கம்ப்யூட்டருக்கு எழுத்து மறந்துபோச்சா?"

நெவெனா தேடும் இடத்தில் மோக்கா என்று தட்டினாள். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது கம்ப்யூட்டர். பெயரோ கண்ணெதிரே இருந்தது. அவள் விசைப்பலகையைப் பல்கேரிய எழுத்துக்கு மாற்றி மறுபடி அதே நான்கு எழுத்தைத் தட்டினாள். உடனே கிடைத்தது.

"ஐயோ" என்றாள்.

நம் ரகரமும் துணைக்காலும் போலத்தான். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள், உள்ளே வேறு வேறு ஆட்கள். மோக்கா என்ற பெயரின் எம், ஓ, கே, ஏ என்ற நான்கு எழுத்துகளுக்கும் லத்தீனிலும் பல்கேரியத்திலும் ஒரே முகம். மனிதனுக்கு வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். லத்தீன் எழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் அது பல்கேரிய எழுத்தை வரிசையில் நிற்க வைக்கும். அப்டேட்டும் அந்தப் பெயரில் ஒரு கம்ப்யூட்டரைத் தேடித் தேடி, இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டது.

அஸ்பரூ துள்ளி எழுந்தான்.

"மாட்டினான்! தெரியாம நீக்கிட்டேன்னு எழுதினானே. இது தெரியாமப் பண்ற வேலையா? மூணாவது வரிசையிலேர்ந்து எடுத்து, முதல் வரிசையில இருக்கற மாதிரி வேஷம் போட்டு, உள்ளே எழுத்தை மாத்தி வெச்சிருக்கான். இது சதி! சின்னத் தப்பை ஒத்துக்கிட்டுப் பெரிய தப்பை மூடப் பார்க்கறான். போட்டிக் கம்பெனி எவனோ பின்னால இருக்கான்."

"அண்ணே, ஒரு நிமிஷம் வெளியே வாங்க" என்றான் கான்ச்சோ.

தாழ்வாரத்தில் அவன் முதல் முறையாகச் சிரிக்காமல் பேசினான். "இதை விட்டுடுங்க. ஒப்புதல் இருக்கு. மேடம் வேலை தப்பிச்சுது. சாவி திரும்ப வந்தாச்சு. இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?"

"அவன் வெறும் அசடுன்னு வேலையை விட்டுப் போறதா? நெவெனா ரெண்டு மாசத்துல மன்னிச்சிடுவா. அவளை எனக்குத் தெரியும், அசடுன்னா இரக்கப்படுவா. என்னையே அத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டா. அவன் அயோக்கியன்னு அவ தன் காதால கேக்கணும்."

"நோண்டாதீங்கண்ணே. எனக்கு என்னமோ சரியாப் படல."

"உனக்கு என் மேல பொறாமை" என்றான் அஸ்பரூ.

கான்ச்சோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஆமாண்ணே. அது ஜுரம் மாதிரி இங்கே ஊரெல்லாம் பரவியிருக்கே" என்றான்.

*

தாஸ்கலோவின் அறையில் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது சுவர் நிறையத் தொங்கும் பல்கேரிய எழுத்து வரிசைதான். தங்கநிறச் சட்டம் போட்டது. அதற்குக் கீழே முதலாளி கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லூபெனின் ராஜினாமாவை ஏற்றுக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அவ்வளவு வேகமாக அவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை.

"இன்னும் என்ன? ஆள் கிடைச்சாச்சு, உங்க வேலை முடிஞ்சுது" என்றார்.

"முடியல ஐயா. இது தப்பு இல்ல, சதி. நெவெனாவும் இருந்து கேக்கட்டும்." அஸ்பரூ தொண்டையைச் செருமிக்கொண்டான். நெவெனாவை ஒரு நல்ல நாற்காலியில் உட்கார வைத்திருந்தான். எழுத்து விவகாரத்தை அழகாக எடுத்துவைத்தான். கைகளை ஆட்டினான். அங்கங்கே நிறுத்தி நெவெனா கவனிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டான். "ஒரு கைகாரன் உட்கார்ந்து, யோசிச்சு, நம்ம எழுத்துல அந்தப் பேரைத் தட்டியிருக்கான். அந்த ஆள் லூபென்!"

"பயங்கரம்" என்றார் தாஸ்கலோவ். முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆமாம் என்கிற பாவனையில் தலையை, அந்த ஊர் வழக்கப்படி, இடவலமாக ஆட்டினார். "போலீஸுக்குச் சொல்லிடலாம்."

"சொல்லிடலாம் ஐயா" என்றான் கான்ச்சோ. "அதுக்கு முன்னால போலீஸ்காரனுக்குக் காட்டற மாதிரி நீங்களே ஒரு தடவை அந்தப் பேரைத் தட்டிக் காட்டுங்களேன். லத்தீன் எழுத்துல."

"அந்நிய எழுத்துக்கு என் மேஜையில இடமில்லை. அதை எடுத்துடச் சொல்லி எப்பவோ உத்தரவு போட்டாச்சு. இந்த அம்மாவையே கேளுங்க."

"ஆமா" என்றாள் நெவெனா. "இங்கே தட்டினா நம்ம எழுத்து மட்டும்தான் வரும்."

"அப்படியா? லூபென் மேஜையில?"

"அவனுக்கு நம்ம எழுத்தே தட்ட வராது. வியன்னாவிலேர்ந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் அவனுது. வேணும்னு கேட்டாலும் போட்டுக்க மாட்டான். காதல் கடிதமே எனக்கு நாலும் ஆறும் போட்டுத்தான் எழுதினான்."

காதல் கடிதம்! அஸ்பரூ தன் வாழ்நாளில் நெவெனாவுக்குச் சாமான் வாங்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறான். பொறாமையில் அவன் காது சுட்டது. சுட்ட வேகத்தில் அவள் சொன்னதன் அர்த்தம் உள்ளே இறங்க ஒரு கணம் தாமதமாயிற்று.

இறங்கியதும் எல்லாம் தெளிவாயிற்று. பல்கேரிய எழுத்தைத் தட்டத் தெரியாத லூபென் இந்த மோக்காவைத் தட்டியிருக்க முடியாது. மூன்றாவது வரிசையிலிருந்து போன பெயர் முதல் வரிசைக்கு வந்திருக்கிறது என்ற சங்கதியே அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒப்புதலில் எழுதியிருப்பான். பல்கேரிய எழுத்தை மட்டும் தட்டுகிற ஆள் எதிரே, தங்கச் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் அஸ்பரூ வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடிக்கொள்ளத்தான் நினைத்தான். ஆனால் நெவெனாவின் கண்கள் அகலமாகிவிட்டன. அவள் அவனைவிடக் கெட்டிக்காரி.

"ஐயா, எல்லா வரிசையையும் திறக்கற பாஸ்வேர்டு என்கிட்ட ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு உங்ககிட்ட" என்றாள்.

தாஸ்கலோவின் கழுத்து சிவந்தது. பிறகு அணை உடைந்தது.

"இந்தக் கம்பெனி யாருது? சொல்லும்மா, யாருது? என் அப்பா தள்ளுவண்டியில காப்பி வித்து ஆரம்பிச்சது. கணக்கு எழுதற பயலுக்கு முதல் வரிசை, எனக்கு மூணாவதா? லாரிக்காரனோட சேர்த்து? கான்டீன்ல அவன் எல்லார் முன்னாலயும் சொல்றான், புதுசா என்ன வந்தாலும் முதல்ல எனக்குத்தான் வரும்னு! நான் அன்னிக்குச் சாப்பிடவே இல்ல."

"அதனால நீங்களே உங்களை முதல் வரிசையில போட்டுக்கிட்டீங்க."

"என் கம்பெனியில நான் முதல்ல நிக்கறது குத்தமா?"

"குத்தமே இல்ல ஐயா" என்றான் கான்ச்சோ. "ராஜா எழுந்து போய் விஷம் ருசி பார்க்கறவனோட நாற்காலியில உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதுலயும் சரியா உட்காரல."

தாஸ்கலோவுக்குப் புரிய வெகு நேரமாயிற்று. புரிந்ததும் இன்னும் கோபம் வந்தது. "என்னவா இருந்தா என்ன? யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும். ஊர் கேக்குது. அந்தப் பயல் இல்லேன்னா நீ போ" என்று நெவெனாவைப் பார்த்து விரலை நீட்டினார்.

நெவெனா எழுந்தாள். முதலாளியின் விசைப்பலகையை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"போறேன் ஐயா. காரணம் எழுதி அனுப்பறேன்னு சொன்னீங்களே. எழுதுங்க. நம்ம எழுத்துலயே எழுதுங்க. நான் நின்னு படிச்சுட்டுப் போறேன்."

விரல் மெல்ல மடங்கியது. விசைப்பலகையை யாரும் தொடவில்லை. கடைசியில் தாஸ்கலோவ் லூபெனின் ராஜினாமாவை எடுத்து நான்காகக் கிழித்தார். "திங்கட்கிழமை ரெண்டு பேரும் வேலைக்கு வாங்க" என்றார், சுவரைப் பார்த்து.

*

தாழ்வாரத்துக்கு வந்ததும் நெவெனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக எழுதிக் கொடுத்திருக்கான். செய்யாததைச் செஞ்சேன்னு. காலையில அவனை நான் சொல்லாத வார்த்தை இல்ல அஸ்பரூ. தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டு, ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. சாவி கேட்டேன், கொடுத்தான்."

அஸ்பரூ மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். காலையில் லூபென் ஓர் அசடாக இருந்தான். அவனை அயோக்கியன் ஆக்குகிறேன் என்று கிளம்பி, தன் கையாலேயே, நெவெனாவை நல்ல நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவனைத் தியாகி ஆக்கிக் கொடுத்தாகிவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் போதும்.

"ஒண்ணு கேக்கவா?" நெவெனா அவன் பக்கம் திரும்பினாள். "உண்மையைச் சொல்லு. அவன் இடத்துல நீ இருந்தா, எனக்காக இப்படி ஏத்துக்கிட்டிருப்பியா?"

பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதே அவன் தொழில். எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. கண்ணை எடுக்காமல், குரலைத் தாழ்த்தி, ஒரே வார்த்தை. அவள் நம்பியும் இருப்பாள்.

"மாட்டேன்" என்றான்.

"தெரியும்." அவள் அவன் தோளைத் தட்டினாள், கோபமில்லாமல். "ஆனா இதைக் கண்டுபிடிச்சுச் சொல்ல உன்னாலதான் முடிஞ்சுது. அதுக்காக உனக்கு நான் எப்பவும் கடன்பட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் படிக்கட்டில் இறங்கினாள். முதல் சில படிகள் நடந்துதான் போனாள். அதற்குப் பிறகு செருப்புச் சத்தம் வேகமெடுத்தது. ஜன்னல் வழியே பார்த்தபோது அவள் முற்றத்தைக் குறுக்கே கடந்து வாட்ச்மேன் அறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள், ஒரு கையில் சாவியை உயர்த்திப் பிடித்தபடி.

அஸ்பரூவுக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. லூபெனின் உயரத்தையும் முடியையும் வியன்னாவையும் பார்த்துப் பொறாமைப்பட்டதை நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது. அவன் பொறாமைப்பட வேண்டிய விஷயம் இப்போதுதான் கண்ணில் பட்டிருந்தது.

கான்ச்சோ பக்கத்தில் வந்து நின்றான். அஸ்பரூவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் வெளியே பார்த்தான்.

சேர்ந்து வாழ்ந்த காலம் முழுக்கவும் நெவெனா தன்னைப் பார்க்க ஒரு நாள்கூட ஓடி வந்ததில்லை என்பது அஸ்பரூவுக்கு அந்த ஜன்னலில்தான் உறைத்தது.